பிள்ளைகளுக்கு இனவெறுப்பு எப்படிப் போய்ச் சேர்கிறது?

திரையில் இரண்டு பேர். ஒருவர் வெள்ளையர், இன்னொருவர் கறுப்பினத்தவர். வெள்ளையர் பேசுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோல் நிறத்தில் என்ன இருக்கிறது, எல்லாரும் மனிதர்கள்தானே என்கிற ரீதியில் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் கைகுலுக்கல் ஒப்புக்கு நடக்கிறது. உட்காரும்போது தள்ளி உட்காருகிறார். பார்வை எதிரில் இருப்பவரின் முகத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இத்தாலியின் படோவா பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஜி காஸ்தெல்லியும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட காணொளிகளை மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலர் பார்த்ததில் பேச்சும் இனிமை, உடல்மொழியும் இனிமை. சிலர் பார்த்ததில் பேச்சு மட்டும் இனிமை. வேறு சிலர் பார்த்ததில் பேச்சு சாதாரணமாக இருந்தது, உடல் மட்டும் நெருக்கம் காட்டியது. பிறகு, அந்தக் கறுப்பினத்தவரைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். 2008-இல் வெளியான முடிவு இதுதான்: குழந்தைகளின் பதிலை முடிவு செய்தது உடல்மொழி. சமத்துவப் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிலில் வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. ஒருவரிடம் காட்டப்பட்ட தயக்கத்தைப் பார்த்த குழந்தைகள், தாங்கள் அதுவரை பார்த்தே இராத மற்றக் கறுப்பினத்தவர் மீதும் அதே மனப்பான்மையைக் காட்டினார்கள்.

இனவெறுப்பைப் பெற்றோர் ‘சொல்லிக் கொடுக்கிறார்கள்’ என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அப்படி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்களைக் குழப்பியது அவர்களல்ல. வெறுப்பான ஒரு வார்த்தைகூட வாயிலிருந்து வராத, தங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று உண்மையாகவே நம்புகிற பெற்றோரின் பிள்ளைகளிடமும் நான்கைந்து வயதிலேயே இனம் சார்ந்த முன்முடிவுகள் தென்படுவதுதான் புதிர்.

முதலில் அளவு. பெற்றோரின் மனப்பான்மையும் பிள்ளைகளின் மனப்பான்மையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்த 131 ஆய்வுகளை, அதாவது 45,000-க்கும் மேற்பட்ட பெற்றோர்–பிள்ளை இணைகளை, ஜூலியானே டெக்னரும் யோனாஸ் டாலேகேயும் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். 2013-இல் வந்த அந்தத் தொகுப்பாய்வில் சராசரி ஒட்டுறவுக் கெழு சுமார் 0.29. தொடர்பே இல்லையென்றால் 0, அச்சு அசலாக ஒத்துப்போனால் 1. ஆக, தொடர்பு நிச்சயமாக இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. அந்த 0.29-இலும் எல்லாமே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போனது என்று சொல்லிவிட முடியாது. இருவரும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள், ஒரே தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் பெற்றோரை மாற்றுவதும் நடக்கிறது.

வீட்டை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபடும் பொம்மைகளை நீட்டி, எதனுடன் விளையாட ஆசை என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். தங்கள் நிறத்தையே தாழ்வாக நினைக்கும்படி அவர்களுடைய பெற்றோர் பயிற்சி கொடுத்திருப்பார்களா என்ன? சுற்றியிருந்த சமூகம் அதைச் செய்திருந்தது. பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

சரி, வீட்டின் பங்கு எங்கே தொடங்குகிறது? தொட்டிலிலேயே. ஆனால் அங்கே தொடங்குவதை வெறுப்பு என்று சொல்லக் கூடாது. பிறந்த குழந்தைக்கு எந்த இன முகமும் ஒன்றுதான். மூன்று மாதத்தில், தினமும் பார்க்கிற வகை முகங்களைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்குகிறது. ஒன்பது மாதம் ஆவதற்குள், பழகாத இனத்து முகங்களில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் திறன் மங்கிவிடுகிறது. ‘அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்’ என்று பெரியவர்கள் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

இது பிறவிக் குணம் இல்லை, கண்ணுக்குக் கிடைக்கும் தீனியைப் பொறுத்தது. யாயிர் பார்-ஹயிமின் குழு 2006-இல் மூன்று வகைக் குழந்தைகளை ஒப்பிட்டது. இஸ்ரேலில் வாழும் வெள்ளையினக் குழந்தைகள் வெள்ளை முகங்களை அதிக நேரம் பார்த்தார்கள், எத்தியோப்பியாவில் வாழும் குழந்தைகள் கறுப்பு முகங்களை. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து இரண்டு வகை முகங்களுக்கும் நடுவில் வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளுக்கு எந்தச் சாய்வும் இல்லை. கொரியாவில் பிறந்து 3 முதல் 9 வயதுக்குள் பிரான்ஸில் தத்தெடுக்கப்பட்டவர்களைப் பெரியவர்களான பின் சோதித்தபோது, கிழக்காசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே அவர்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆறு மாதக் குழந்தைக்குப் படப் புத்தகத்தில் வேற்றினத்து முகங்களை அவ்வப்போது காட்டிவந்தாலே, ஒன்பது மாதத்தில் மங்க வேண்டிய திறன் மங்குவதில்லை என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள், குழந்தையை யார் தூக்குகிறார்கள் என்பதெல்லாம் பெற்றோரின் தேர்வு. அந்தத் தேர்வு குழந்தை பேசத் தொடங்கும் முன்பே வேலை செய்துவிடுகிறது.

முகத்தைப் பிரித்தறிவது வேறு, அந்த முகத்தைக் கண்டு ஒதுங்குவது வேறு. இரண்டாவதற்குக் குழந்தை பெரியவர்களின் முகத்தைப் படிக்கிறது. புதிதாக எதையாவது கண்டதும் சட்டென்று அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கம். 1985-இல் வெளியான சோதனையில், ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடி மேசையின் மேல் விட்டார்கள். மேசையின் பாதியில், கண்ணாடிக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் தெரியும். எதிர்முனையில் தாய். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பள்ளம் இருந்த இடத்தில் ஒரு மனிதரை வைத்துப் பாருங்கள். பேருந்தில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் குழந்தையின் கையைப் பிடித்த பிடி லேசாக இறுகுகிறது. பைக்கு மேல் கை போகிறது. தாய்க்கே அது தெரியாமல் இருக்கலாம், குழந்தைக்குத் தெரிந்துவிடும். 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலிசன் ஸ்கின்னரும் சகாக்களும் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு காணொளி காட்டினார்கள். அதில் ஒரு பெண்ணிடம் எல்லாரும் சிரித்த முகத்தோடு முன்னால் சாய்ந்து பேசுவார்கள், இன்னொரு பெண்ணிடம் கடுத்த முகத்தோடு விலகி நின்று பேசுவார்கள். சொன்ன வார்த்தைகள் இருவருக்கும் ஒன்றே. பெரும்பாலான குழந்தைகள் முதல் பெண்ணையே பிடிக்கும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. ஒரே நிறச் சட்டை போட்டவர், தோழி என்று அறிமுகம் செய்யப்பட்டவர் வரைக்கும் அந்தச் சாய்வு போனது. இங்கே இனமே சம்பந்தப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. குழுவைக் காட்டும் அடையாளம் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், மிச்சத்தைக் குழந்தை தானே செய்துகொள்கிறது.

ஆய்வகத்தை விட்டு வீட்டுக்கு வந்தாலும் இதே கதைதான். காஸ்தெல்லி 2009-இல் வெள்ளையினத் தாய், தந்தை, அவர்களுடைய 3 முதல் 6 வயதுக் குழந்தைகள் ஆகியோரைச் சோதித்தார். பெற்றோரிடம் இரண்டு அளவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, நேரடியாகக் கேள்வி கேட்டு வாங்கிய கருத்து. மற்றது மறைமுகச் சோதனை: கறுப்பு முகத்தோடு நல்ல சொல்லையும், பிறகு அதே முகத்தோடு கெட்ட சொல்லையும் இணைத்துப் பொத்தான் அழுத்தச் சொல்லி, எந்த இணைப்பு எத்தனை வேகமாக வருகிறது என்று நொடியின் பின்னங்களில் அளப்பார்கள். யோசித்து நல்ல பெயர் வாங்க இதில் நேரம் கிடைக்காது. வாய்விட்டுச் சொன்ன கருத்துக்கும் குழந்தையின் மனப்பான்மைக்கும் தொடர்பில்லை. தாயின் மறைமுக அளவுக்குத் தொடர்பு இருந்தது. தந்தையின் அளவு எதையும் காட்டவில்லை. அந்த வயதில் குழந்தையோடு யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று யோசித்தால் காரணம் ஓரளவு பிடிபடும். தாய்மார்கள் மேல் பழி போட இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேச்சுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் வசவில் தேடினால் அது அகப்படாது. இலக்கணத்தில் ஒளிந்திருக்கிறது. மார்ஜரி ரோட்ஸும் சகாக்களும் 2012-இல் ‘ஸார்ப்பி’ என்ற ஒரு கற்பனை மக்களை உருவாக்கினார்கள். படப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஸார்ப்பி ஏதோ செய்துகொண்டிருப்பார். ஆண், பெண், சிறியவர், பெரியவர், எல்லா நிறத்தவரும் அவர்களில் உண்டு. சில நான்கு வயதுக் குழந்தைகளுக்கு, “இதோ இந்த ஸார்ப்பிக்குப் பொறிவண்டு என்றால் பயம்” என்று வாசித்தார்கள். வேறு சிலருக்கு, “ஸார்ப்பிகளுக்குப் பொறிவண்டு என்றால் பயம்” என்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

இரண்டாவது வகை வாக்கியத்தைக் கேட்ட குழந்தைகள், ஸார்ப்பிகள் பிறவியிலேயே வேறு வகை மனிதர்கள் என்று நம்பத் தொடங்கினார்கள். ஸார்ப்பித் தாய்க்குப் பிறந்த குழந்தையைப் பிறந்தவுடனே வேறொரு பெண் எடுத்து வளர்த்தாலும் அது ஸார்ப்பி மாதிரியேதான் இருக்கும் என்றார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோதும் அந்த நம்பிக்கை இருந்தது. பொறிவண்டுக்குப் பயப்படுவதில் இழிவாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அவர்கள் இப்படித்தான்’ என்கிற அமைப்பே போதும். என்னைக் கேட்டால், ‘அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்’, ‘அவர்கள் நன்றாக ஓடுவார்கள்’ என்ற பாராட்டையும் இதே வரிசையில்தான் வைப்பேன்.

அடுத்து ஆய்வாளர்கள் பெற்றோரிடம் போனார்கள். ஸார்ப்பிகள் அடிப்படையிலேயே வேறுபட்டவர்கள் என்ற எண்ணத்தைச் சில பெற்றோரின் மனதில் முன்கூட்டியே விதைத்துவிட்டு, வாசகங்களே இல்லாத படப் புத்தகத்தைக் குழந்தையோடு பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பெற்றோர் மற்றவர்களைவிட அதிகமாக, ‘ஸார்ப்பிகள் இப்படி, ஸார்ப்பிகள் அப்படி’ என்று பொதுப்படையாகப் பேசினார்கள். யாரும் அவர்களை அப்படிப் பேசச் சொல்லவில்லை. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு ஒரு எண்ணம் போகும் வழி முழுவதையும் இத்தனை தெளிவாகக் காட்டிய வேறு சோதனைகள் குறைவு.

அப்படியானால் இனத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். பல பெற்றோர் செய்வதும் அதுதான். ஆனால் குழந்தை மௌனத்தை வெற்றிடமாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள், யார் முதலாளி, யார் தரையைத் துடைக்கிறார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. உலகம் இப்படிப் பிரிந்து கிடக்கிறது என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. யாரும் காரணம் சொல்லாதபோது தானே ஒன்றைக் கண்டுபிடிக்கிறது, பெரும்பாலும் ‘அவர்களே அப்படித்தான்’ என்பதை.

மௌனத்தை மட்டும் குழந்தை கச்சிதமாகக் கற்றுக்கொள்கிறது. இவான் ஆப்ஃபெல்பாமும் சகாக்களும் 2008-இல் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பல முகங்களின் படங்களில் ஒன்றை மனதில் நினைத்திருப்பார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை முடிந்தவரை குறைவாகக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘கறுப்பினத்தவரா?’ என்று கேட்டாலே பெரும் பகுதி கழிந்துவிடும். 8, 9 வயதுக் குழந்தைகள் தயங்காமல் கேட்டார்கள். 10, 11 வயதுக்காரர்கள் அந்தக் கேள்வியைத் தவிர்த்துச் சுற்றி வளைத்தார்கள், சின்னவர்களிடம் தோற்றும் போனார்கள். இனம் சம்பந்தப்படாத படங்களில் 10, 11 வயதுக்காரர்களே ஜெயித்தார்கள். ஆண்ட்ரூ பேரனும் மஹ்சரின் பனாஜியும் 2006-இல் கண்டது இதோடு பொருந்துகிறது. வெள்ளையின அமெரிக்கர்களிடம் மறைமுகச் சாய்வு 6 வயதிலும், 10 வயதிலும், பெரியவர்களிடமும் ஒரே அளவு. வாய்விட்டுச் சொல்லும் சாய்வு மட்டும் வயது ஏற ஏறக் குறைந்து, பெரியவர்களிடம் காணாமல் போயிருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்வதில்லை. 2005-இல் ஸ்டேசி சின்க்ளேரும் சகாக்களும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, ‘நான் அப்பா அம்மா மாதிரி ஆக வேண்டும்’ என்று நினைத்தவர்களிடம்தான் பெற்றோரின் முன்முடிவுக்கும் பிள்ளையின் மறைமுகச் சாய்வுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. பாசமான வீட்டில் வெறுப்பும் சுலபமாகக் கடத்தப்படுகிறது என்றாகிறது, கசப்பாக இருந்தாலும்.

எப்போது பேசத் தொடங்குவது என்பதிலும் பெரியவர்களின் கணக்கு தப்பாகவே இருக்கிறது. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இனத்தைக் குழந்தைகள் புரிந்துகொள்ளும் வயதைப் பெரியவர்கள் சுமார் நாலரை ஆண்டுகள் தள்ளி மதிப்பிட்டார்கள். ஐந்து வயது வாக்கில் பேசிக்கொள்ளலாம் என்பது அவர்கள் எண்ணம். அதற்குள் மேலே சொன்னதில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும்.

எரின் பால்கியும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின அமெரிக்கத் தாய்மார்கள் தங்கள் 4, 5 வயதுக் குழந்தைகளோடு படப் புத்தகம் வாசித்தார்கள். இனத்தைப் பற்றிப் பேச வசதியான புத்தகங்கள் அவை. ஆனாலும் அநேகமாக எல்லாத் தாய்மார்களும் அந்தப் பேச்சைத் தொடாமலே கடந்தார்கள். அம்மாவுக்குக் கறுப்பினத்தவரைப் பிடிக்குமா என்று கேட்டபோது குழந்தைகளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தாயின் கருத்துக்கும் குழந்தையின் கருத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொடர்பு தெரிந்தது வேறொரு கணக்கில்: தாயின் நண்பர்களில் வேற்றினத்தவர் எத்தனை சதவீதம் என்பதில். அது கூடக் கூட, குழந்தையின் சாய்வு குறைவாக இருந்தது. நட்புதான் நேரடிக் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அப்படி நண்பர்கள் உள்ளவர்கள் பல இனத்தவரும் கலந்து வாழும் பகுதியில் குடியிருக்கலாம், பிள்ளையை அப்படிப்பட்ட பள்ளியில் சேர்த்திருக்கலாம். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளப்பது கடினமான வேலை.