சூழொலி

ஆங்கிலத்தில் சர்ரவுண்ட் சவுண்ட் என வழங்குவதற்குத் தமிழில் சூழொலி என்பதே தகுந்த சொல். கேட்பவருக்கு முன்னால் மட்டுமன்றிப் பக்கங்களிலும் பின்னாலும் ஒலிபெருக்கிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடத்தில் (சேனலில்) ஒலியை அனுப்பி, அவரை அவ்வொலியின் நடுவே இருத்தும் முறையை இச்சொல் குறிக்கும். திரையரங்குகளின் வழியாக நம் மக்களிடம் பரவிய 'டிடிஎஸ்' என்பது ஒரு நிறுவனத்தின் முறைக்கு உரிய பெயர். எல்லாச் சூழொலிக்கும் அதைப் பொதுப்பெயராக ஆள்வது பொருந்தாது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வியப்பூட்டுவது. இலத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல், 'உண்டா' என்றால் அலை. இவ்விரண்டும் சேர்ந்து, பொங்கி வழிதல் என்னும் பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தன. வட்டத்தைக் குறிக்கும் 'ரவுண்ட்' என்ற சொல்லோடு ஒலியொப்புமை இருந்ததால்தான், வெள்ளம் மூடுதல் என்ற பழம்பொருள் மங்கி, சுற்றி நிற்றல் என்ற பொருள் பிற்காலத்தில் நிலைத்தது. நாமும் 'கடல் சூழ்ந்த உலகம்' என்கிறோம். ஆகவே சூழ் என்ற வினையிலும் அலையின் நினைவு இருக்கிறது. குறளில் சூழ்தல் ஆராய்தலையும் குறிக்கும். இன்று சூழ்ச்சி என்ற சொல் வஞ்சகப் பொருளுக்குச் சுருங்கிவிட்டாலும், சூழல், சூழ்நிலை ஆகியவற்றில் அந்தக் கறை படியவில்லை, சூழொலியிலும் படியாது. இலக்கணப்படி இது வினைத்தொகை: சூழ்ந்த ஒலி, சூழ்கின்ற ஒலி, சூழும் ஒலி என முக்காலத்துக்கும் விரியும். 'சுற்றொலி' என்ற மாற்றை நான் ஏற்கவில்லை. தெருவின் இரைச்சலைக் குறிக்கும் 'சுற்றுப்புற ஒலி'யோடு அது எளிதில் குழம்பிவிடும்.

இச்சொல்லை எதற்கு ஆளலாம், எதற்கு ஆளக்கூடாது என்ற வரையறை இணைய ஒலிபரப்பில் மிகவும் தேவைப்படுகிறது. 2014இல் பிபிசி ரேடியோ 3, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் ப்ராம்ஸ் இசை நிகழ்ச்சிகளை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு தடச் சூழொலியாக உலாவிகளுக்குச் சோதனை முறையில் அனுப்பியது. அனுப்பும் முனையில் நான்கு தடங்கள் இருப்பது மட்டும் போதாது; கேட்பவரின் அறைக்குள் அந்த நான்கும் வந்து சேரும்வரை பல வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதல் வாயில் உலாவி. துண்டு துண்டாக வரும் ஒலியை ஓர் இணையப் பக்கத்தின் நிரலே சேர்த்து ஊட்டுவதற்கான 'மீடியா சோர்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்னும் வசதி 2016 நவம்பரில்தான் இணையத் தர அமைப்பின் பரிந்துரை நிலையை எட்டியது. ஐபோனிலோ அதற்கு ஒத்த வசதி 2023இல் ஐஓஎஸ் 17.1 வந்தபோதுதான் கிடைத்தது. அடுத்தது, ஒலியைச் சுருக்கி விரிக்கும் கோடெக். டால்பி டிஜிட்டல் பிளஸ் எட்ஜ், சஃபாரி ஆகியவற்றில் இயங்கியபோதும், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளில் நெடுங்காலம் இயங்கவில்லை. உரிமக் கட்டணமற்ற ஓப்பஸ் 2012இலேயே தரமாக்கப்பட்டிருந்தும், சஃபாரி அதை முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், உலாவியின் 'வெப் ஆடியோ' இடைமுகத்தில் வெளியேறும் தடங்களின் எண்ணிக்கை இயல்பாக இரண்டு என்றே வைக்கப்பட்டிருக்கிறது; நிரல் எழுதுபவர் கருவியின் உச்ச எண்ணிக்கையைக் கேட்டறிந்து அதை உயர்த்தாவிட்டால், நான்கு தடங்களும் அங்கேயே இரண்டாகிவிடும்.

இரண்டாம் வாயில் இயங்குதளம். விண்டோஸின் ஒலி அமைப்புகளில் ஒலிபெருக்கி வகை ஸ்டீரியோ என்று இருந்தாலோ, மேக்கின் 'ஆடியோ மிடி செட்டப்' பகுதியில் பல ஒலிபெருக்கி அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டாலோ, உலாவி எத்தனை தடங்களைக் கொடுத்தாலும் வெளியே வருவது இரண்டுதான். அதற்கப்பால் இணைப்புக் கம்பி இருக்கிறது: எச்டிஎம்ஐ வழியாகச் சுருக்கப்படாத எட்டுத் தடங்கள் செல்லும், ஒளியிழை வழியாகச் சுருக்கப்படாத ஒலியில் இரண்டு மட்டுமே செல்லும்.

இவ்வாறு பல தடங்களை இரண்டாக்குவதை 'டவுன்மிக்ஸ்' என்பார்கள். இதைத் தட ஒடுக்கம் எனலாம். வெப் ஆடியோ விதிப்படி நான்கு தட ஒலியில் இடப்பக்கத்தின் முன்தடமும் பின்தடமும் கூட்டப்பட்டுப் பாதியாக்கப்படும், வலப்பக்கமும் அவ்வாறே. ஐந்து தடங்களோடு ஒரு தாழ்வொலித் தடமும் கொண்ட 5.1 முறையிலோ, நடுத்தடமும் பின்தடங்களும் 0.7 மடங்கு அளவில் முன்தடங்களில் கரைக்கப்பட, தாழ்வொலித் தடம் முழுவதுமாக விடப்படும். எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாது. அரங்கின் கைதட்டல் பின்னாலிருந்து எழ வேண்டியது முன்னாலிருந்தே எழும். கேட்பவர் இதுவே சூழொலி என்று நம்பிவிடுவார். ஆதலால் தட ஒடுக்கத்துக்கு உள்ளானதைச் சூழொலி என்று அழைப்பது பிழை. அது இருதட ஒலியே. தலையணி ஒலிபெருக்கிக்கெனக் காதின் வடிவத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் 'பைனாரல்' ஒலியும் வேறு. இருசெவி ஒலி என்பது அதற்குப் பொருந்தும்.

'சேனல்' என்பதற்குத் தொலைக்காட்சிப் பழக்கத்தால் அலைவரிசை என்று எழுதுவோர் உண்டு. இங்கே அது அதிர்வெண்ணைக் குறிப்பதுபோல் மயக்கும் என்பதால் தடம் என்றே எழுதியிருக்கிறேன். 'ஸ்ட்ரீம்' என்பதற்கு ஒலித்தாரை என்பது செவிக்கு இனிமையாக இருந்தாலும், தாரை என்று நமக்கு ஓர் ஊதுகருவியே இருப்பதால், இசை பற்றிய எழுத்தில் சூழொலி ஓடை என்பதையே ஆளலாம்.