நகம் மஞ்சள், நெஞ்சில் நீர்

நகம் மஞ்சளானதும் காமாலை என்று பச்சிலைக்கு ஓடுகிறவர்கள் முதலில் கண்ணின் வெள்ளையைப் பார்க்கட்டும். காமாலை அங்கேதான் முதலில் தெரியும். கண் வெளுப்பாகவே இருக்க, நகம் மட்டும் மஞ்சளாகித் தடித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவது மஞ்சள் நக நோய். 1964இல் சம்மன், வைட் என்ற பிரிட்டன் மருத்துவர்கள் 13 பேரைக் கொண்டு இதை விவரித்தார்கள்.

அடையாளம் மூன்று: மஞ்சள் நகம், நிணநீர் (திசுக்களில் கசிந்து வடியும் திரவம்) தேங்கிக் கால் வீங்குதல், ஆறாத இருமலோ நெஞ்சில் நீரோ. இரண்டு இருந்தாலே நோய்தான். மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கவேண்டியதில்லை. இடையில் ஆண்டுகள் ஓடலாம். மாதம் 3 மி.மீ. வளரவேண்டிய கைவிரல் நகம் ஏறக்குறைய நின்றுவிடும். அடியிலுள்ள வெள்ளைப் பிறை மறையும், நகம் குறுக்கே வளைந்து சதையைவிட்டுப் பெயரும். பூஞ்சை இருபது நகத்தையும் ஒருசேரப் பிடிப்பது அபூர்வம். மஞ்சள் நக நோயில் அது சாதாரணம்.

நெஞ்சில் ஏன் நீர் கோக்கிறது? நுரையீரலைச் சுற்றிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவே, 60 கிலோ ஆளுக்குச் சுமார் 15 மி.லி. திரவம் எப்போதும் உண்டு. மணிக்கு அரை மி.லி.க்குச் சற்று மேல் புதிதாக ஊறுகிறது. மார்புச் சுவரை ஒட்டிய சவ்வில் சில மைக்ரான் அகலத் துளைகள் இருக்கின்றன. அவை நேராக நிணநீர்க் குழாய்களில் திறக்கின்றன. ஒவ்வொரு மூச்சின் அசைவும் திரவத்தை உள்ளே இழுக்க, குழாய்களும் தாமே சுருங்கி மேலே தள்ள, வால்வுகள் திரும்பவிடாமல் தடுக்கின்றன. தேவைப்பட்டால் இந்த வடிகால் 28 மடங்கு வரை வேகம் கூட்டும் என்பது செம்மறி ஆடுகளில் செய்த சோதனைகளின் கணக்கு. குழாய்கள் பிறவியிலேயே பலவீனமானவை என்றாலும் இத்தனை கையிருப்பு பல ஆண்டுகளை ஓட்டிவிடும்; ஒரு சளிக்காய்ச்சலில் ஊற்று அதிகமானதும் கணக்கு இடிக்கும். நோய் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டி வருவதற்கு இப்படித்தான் விளக்கம் சொல்கிறார்கள்.

கசிந்த புரதத்தை அள்ளிப்போவது நிணநீர் மட்டுமே. வடிகால் மந்தமானால் புரதம் தேங்கும். ஆனால் செல்கள் சாகவில்லை. அதனால் செத்த செல்லிலிருந்து வெளியேறும் எல்.டி.ஹெச். நொதி உயராது. புரதம் அதிகம், எல்.டி.ஹெச். குறைவு, லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் நிறைய: ஊசி போட்டெடுத்த நீரில் இந்தச் சேர்க்கை பெரிய துப்பு. நம் ஊரில் லிம்போசைட் நிறைந்த நீர் என்றதும் காசநோய் மாத்திரை தொடங்குவார்கள். கால் வீங்கினால் யானைக்கால் என்பார்கள். இரண்டும் நியாயமான சந்தேகமே. ஆனால் காசநோயில் உயரும் ஏ.டி.ஏ. நொதியின் அளவும், யானைக்கால் புழுவைத் தேடும் ஃபைலேரியா பரிசோதனையும் கைகொடுக்காதபோது, நகப்பூச்சை அழித்துப் பார்க்கச் செலவு ஒன்றுமில்லை.

சிகிச்சையில் நாளுக்கு 1,000 முதல் 1,200 யூனிட் வைட்டமின் இ, கூடவே பூஞ்சைக்கொல்லி மருந்தான ஃப்ளூகோனசோல். பூஞ்சையைக் கொல்ல அல்ல, நக வளர்ச்சியை முடுக்க. காலுக்கு இறுக்குக் கட்டு. நீரை வெறுமனே எடுத்தால் மறுபடி ஊறும், ஆகவே டால்க் பொடி தூவிச் சவ்வுகளை ஒட்டவைப்பதும் உண்டு. எதற்கும் பெரிய ஆய்வுச் சான்று இல்லை. காப்புரிமை தீர்ந்த மலிவு மாத்திரையை ஒரு கைப்பிடி நோயாளிகளிடம் சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுதான் போடவேண்டும்.

முடக்குவாதத்துக்குப் பெனிசிலமின் வகை மருந்து எடுப்பவர்களுக்கும் இது வந்திருக்கிறது; நிறுத்தினால் நகம் தேறக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இந்த அளவு வைட்டமின் இ-யைத் தாமாகத் தொடங்கக் கூடாது, இரத்தக்கசிவு வரலாம்.