ஆப்ஜெக்ட் கோடு: பொருளா, இலக்கா?

பாளையங்கோட்டையில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் கேட்டான்: “மாமா, ஆப்ஜெக்ட் கோடுக்கு ‘பொருள் நிரல்’னு போட்டிருக்கே, ஜாவால வர்ற ஆப்ஜெக்ட்டும் இதுவும் ஒண்ணா?” இல்லை. நாம் எழுதும் நிரலைக் கம்பைலர் என்ற மென்பொருள் இயந்திர மொழிக்கு மாற்றித் தருவதுதான் ஆப்ஜெக்ட் கோடு. குழப்பம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

இலத்தீனில் ‘முன்னே எறியப்பட்டது’ என்ற வேரிலிருந்து வந்த சொல் ஆப்ஜெக்ட். ஆங்கிலத்தில் பண்டமும் அதுதான், நோக்கமும் அதுதான். ஐ.பி.எம். 1956இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியின் கையேட்டில் நாம் எழுதுவது ‘சோர்ஸ்’ புரோகிராம், அதிலிருந்து கிடைப்பது ‘ஆப்ஜெக்ட்’ புரோகிராம். ஒன்று கிளம்பும் இடம், மற்றது போய்ச் சேரும் இடம். ஆகவே ‘இலக்கு நிரல்’ என்பதே பொருத்தம். பொருள் என்ற சொல்லுக்கும் நோக்கம் என்ற அர்த்தம் உண்டு, சரி. ஆனால் ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்று ஏற்கெனவே வேறொன்றுக்கு, ஜாவா வகை நிரலாக்கத்துக்கு, பெயர் வைத்துவிட்டோமே.

இனி, அந்த இலக்குக்கு அசெம்ப்ளி (இயந்திரக் கட்டளைகளை மனிதர் வாசிக்கும் சொற்களில் எழுதும் மொழி) வழியாகப் போவதா, நேரே போவதா? எங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர் ஒருவர் முதலில் வெள்ளைத்தாளில் எழுதுவார், நான்கெல்லையை உரக்கப் படித்துக் காட்டுவார், அப்புறம்தான் முத்திரைத்தாளைத் தொடுவார். ஜி.சி.சி. என்ற கம்பைலர் அப்படித்தான்: அசெம்ப்ளியை எழுத்தாக எழுதி, அதை இயந்திர மொழியாக்கும் தனி அசெம்ப்ளரிடம் கொடுக்கும். கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் வழக்கமாக நேரே முத்திரைத்தாளில் எழுதிவிடும்.

நேரே எழுதினால் நேரம் மிச்சம். எழுத்தாக்கி, அதையே மறுபடி வாசித்துப் பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் அசெம்ப்ளர் பார்த்த வேலையெல்லாம் கம்பைலர் தலையில் விழும். ஒவ்வொரு கட்டளையின் பைட்டுகளும் அதற்குத் தெரிய வேண்டும். இன்டெல் வகைச் சில்லில் பக்கத்தில் தாவ 2 பைட் போதும், தூரத்துக்கு 5 பைட். தூரத்தை அளந்து எதைப் போடுவது என்று அதுவே முடிவுசெய்ய வேண்டும். லினக்ஸுக்கு எல்ஃப், விண்டோஸுக்கு காஃப், மேக்குக்கு மாக்-ஓ என்று கோப்பு வடிவங்கள் வேறு.

பிழை வந்தால்தான் வெள்ளைத்தாளின் அருமை தெரியும். வேறு கோப்பிலுள்ள ஃபங்ஷனை அழைக்கும் வரி, அசெம்ப்ளியில் ‘கால்’ (அழை) என்ற சொல்லும் அதன் பெயருமாகக் கண்முன் நிற்கும். இலக்கு நிரலில் அதுவே ‘இ8 00 00 00 00’ என்ற ஐந்து பைட்டுகள். அந்த நான்கு பூச்சிய பைட்டுகள், பத்திரத்தில் எண் எழுத விட்டுவைத்த இடம் மாதிரி. கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் வந்துதான் நிரப்பும். கம்பைலர் தப்பாக எழுதியிருந்தால் இதை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அதனால் நேர்வழியே இயல்பாகவும், கேட்டால் அசெம்ப்ளியும் தருவதாகவும் ஒரு கம்பைலர் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கிளாங்கில் ‘-எஸ்’ (பெரிய எழுத்தில்) கொடுத்தால் வெள்ளைத்தாள் கைக்கு வரும். மருமகனிடம் பத்து வரி சி நிரல் ஒன்றை எழுதி, இரண்டு விதமாகவும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.