டிஸ்போஸ், ஃபைனலைஸ்: ‘அழிப்பி’ என்ற ஒரு சொல் போதுமா?

சி நிரல்மொழிக்குப் பொருள் (ஆப்ஜெக்ட்: தரவும் அதைக் கையாளும் செயல்களும் சேர்ந்த அலகு) என்ற கருத்து இல்லை; நினைவகத்தைப் பொறுத்தவரை, கேட்டுப் பெறவும் திருப்பித் தரவும் மட்டுமே அதன் அடிப்படை நூலகம் வழிசெய்கிறது. அம்மொழியின்மேல் எழுந்த பொருள் அமைப்பான ஜிஆப்ஜெக்ட், 2002இல் ஜிலிப் 2.0 நூலகத்துடன் வெளிவந்தது. ஜிடிகே சாளரக் கருவிகள் இன்றும் அதன்மீதே இயங்குகின்றன.

சிங்கப்பூரில் நிரல் எழுதும் தமிழர் பேச்சில் “ஆப்ஜெக்ட்டை டெஸ்ட்ராய் பண்ணு” என்பதே வழக்கம். எழுத்துத் தமிழிலோ பாடநூல்கள் தந்த ஆக்கி (பொருளை உருவாக்குவது), அழிப்பி (அதை நீக்குவது) என்னும் இணை இருக்கிறது. சி++ மொழிக்கு இது நன்கு பொருந்தும். ஜிஆப்ஜெக்ட்டில் அழிவு டிஸ்போஸ், ஃபைனலைஸ் என்னும் இரு கட்டங்களாக நிகழ்வதால், இரண்டையும் அழிப்பி என்று எழுதினால் படிப்பவர் குழம்புவது உறுதி.

ஒரு பொருளை உருவாக்கும்போது அதன் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை, அதாவது அதைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை, 1. அப்பொருள் தேவைப்படும் ஒவ்வொருவரும் ரெஃப் என்னும் செயற்கூற்றால் (ஃபங்ஷன்) எண்ணிக்கையைக் கூட்டுகிறார். தேவை தீர்ந்ததும் அன்ரெஃப் மூலம் குறைக்கிறார். கடைசியாக வைத்திருப்பவரும் விடும்போது அழிவு தானாகத் தொடங்கும். ஆகவே ரெஃபைப் பற்றுதல் என்றும், அன்ரெஃபை விடுதல் என்றும், எண்ணிக்கையைப் பற்றெண் என்றும் சொல்லலாம். கணக்குப் பதிவில் பற்று வேறு பொருள் தரும் என்றாலும், இடம் நோக்கி இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

டிஸ்போஸின் வேர், ‘வெவ்வேறிடத்தில் ஒழுங்குபட வை’ என்று பொருள்படும் டிஸ்போனெரெ என்ற லத்தீன் வினை. இக்கட்டத்தில் பொருள், தான் பற்றியிருக்கும் பிற பொருள்களை விடுகிறது. இரு பொருள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்தால் எந்தப் பற்றெண்ணும் சுழியாகாது. அந்த வளையத்தை அறுக்கவே, பற்றெண் சுழியாகும் முன்பே அழைக்கத்தக்க இக்கட்டம் தனியாக வைக்கப்பட்டது. இது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழைக்கப்படலாம். அழைத்த பிறகும் வேறொருவர் அப்பொருளைப் பற்றியிருக்கக்கூடும் என்பதால், அதன் செயற்கூறுகள் நிலைகுலையாமல் பதிலளிக்க வேண்டும். இடிக்கப்போகும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் மின்சாரத்தையும் குழாயையும் முதலில் துண்டிப்பதைப் போன்றது இது. பற்றறுப்பு என்பதே இதற்குத் தகுந்த தமிழ்.

ஃபைனலைஸ், ‘எல்லை, முடிவு’ எனப் பொருள்படும் ஃபீனிஸ் என்ற லத்தீன் சொல்வழி வந்தது. ஒரே முறை நடந்து, எஞ்சிய நினைவகத்தை விடுவிக்கிறது. இறுதியாக்கம் என்ற பெயர்ப்பு, பட்டியலை இறுதிசெய்வதையே நினைவூட்டுகிறது. கலைப்பு என்பது செயலை நேராகச் சொல்கிறது. டெஸ்ட்ராய் என்ற சொல்லின் வேரும் ‘கட்டியதைக் குலை’ என்பதே.

பொருளின் வார்ப்பான வகுப்புகளுள், உருவாக்கம் மூல வகுப்பிலிருந்து அதன் பண்புகளைப் பெறும் வழிவகுப்புக்கு இறங்குகிறது. பற்றறுப்பும் கலைப்பும் வழிவகுப்பில் தொடங்கி மேலே ஏறுகின்றன. ஆயினும் அந்த ஏற்றம் தானாக நிகழாது: ஒவ்வொரு வகுப்பும் தன் பணியை முடித்துத் தாய் வகுப்பின் அதே செயற்கூற்றை அழைத்தாக வேண்டும். அவ்வழைப்பு விடுபட்டால், தாய் வகுப்பு கேட்டுப் பெற்ற நினைவகம் நிரல் முடியும்வரை திரும்பி வராது.