டவுன்ரிகர் என்றால் என்ன? குண்டிறக்கி என்று ஏன் சொல்லலாம்?

போன வருஷம் தேவனாம்பட்டினத்தில் சித்தப்பாவின் பைபர் படகில் ஒரு புதுச் சாமானைப் பூட்டினோம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவர் மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தது. கரையில் வைத்துப் பெட்டியைப் பிரித்தபோது பக்கத்துப் படகுக்காரர் வந்து என்னப்பா இது என்று கேட்டார். டவுன்ரிகர் என்றேன். "டவுனுக்கும் கடலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார்.

நியாயமான கேள்வி. டவுன் பஸ், டவுன் ஹால் என்று நாள் முழுக்கப் புழங்குகிறவர் காதில் டவுன் என்றால் ஊர்தான். கீழே என்ற பொருளில் வரும் டவுனையும் தமிழில் அப்படியேதான் எழுதுகிறோம். சரி, ரிகர்? ரிக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போர்வெல் போடும் வண்டி. ஆக, தமிழ் எழுத்தில் எழுதிவிட்டாலும் இந்தச் சொல்லில் தமிழ் ஆளுக்கு எட்டுகிற பொருள் ஒரு துளி கூட இல்லை. அன்றிலிருந்து இதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். படகு மெதுவாக ஓடும்போது பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போய் வஞ்சிரம், சூரை, பாரை, சீலா பிடிக்கிறோம் இல்லையா, அதில் ஒரு தொல்லை உண்டு. படகு ஓடினால் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, மேலே எழும்பிவிடும், இரை மேல்தண்ணீரிலேயே வரும். மீன் பத்துப் பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) கீழே நின்றால் அதற்கு எட்டாது. தங்கூசியிலேயே கனமான ஈயத்தைக் கட்டினால் இரை கீழே போகும், ஆனால் மீன் மாட்டியபிறகு மீனோடு சேர்த்து ஈயத்தையும் இழுக்க வேண்டும், மீன் தலையை உதறும்போது அந்தக் கனமே தூண்டில் முள்ளைக் கழற்றிவிடும். டவுன்ரிகர் இரையை இறக்கும் வேலையையும் மீனை இழுக்கும் வேலையையும் பிரித்துவிடுகிறது. ஈயக்குண்டு தனிக் கம்பியில் இறங்கும். அந்தக் கம்பியில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒரு கவ்வி. தூண்டில் கோலிலிருந்து வரும் தங்கூசியை அந்தக் கவ்வியில் கடிக்கவிட்டுக் குண்டோடு சேர்த்துக் கீழே அனுப்ப வேண்டும். இரை குண்டுக்குப் பின்னால் சில பாகம் தள்ளி, நாம் நினைத்த ஆழத்தில் ஓடும். மேலே கோல் வில் மாதிரி வளைந்து நிற்கும். மீன் கடித்து இழுத்ததும் தங்கூசி கவ்வியிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், கோல் ஒரு நொடி விறைப்பாக நிமிரும், அப்புறம் மறுபடி கடலைப் பார்த்து வளையும். இனி கோலுக்கும் மீனுக்கும் நடுவில் எந்தக் கனமும் கிடையாது. அந்த ஒரு நொடி நிமிர்வைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ரிக் என்பது ஆங்கிலத்தில் பாய்மரக் கப்பல் காலத்துச் சொல். கப்பலுக்குப் பாயும் கயிறும் கட்டித் தயார் செய்வது என்பது 15ஆம் நூற்றாண்டிலிருந்து அதன் பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் சொல்கிறார்கள். துரப்பணப் பொறிக்கு அந்தப் பெயர் வந்தது பிற்பாடுதான். அவுட்ரிகர் என்று இன்னொரு சொல் உண்டு. படகின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக் கட்டியது எதுவானாலும் அவுட்ரிகர். இலங்கையின் ஓருவா என்ற படகில் பக்கத்தில் மிதக்கும் மரமும் அவுட்ரிகர்தான், பெரிய தூண்டில் படகுகளில் இரண்டு பக்கமும் விரித்த நீளக் கம்புகளும் அவுட்ரிகர்தான். அந்தக் கம்புகள் தூண்டில்களை அகலத்துக்குப் பரப்பும், அதிலும் இதே மாதிரி விடுவிக்கும் கவ்வி இருக்கும். அகலத்துக்குச் செய்ததை ஆழத்துக்குத் திருப்பியபோது, அவுட் போய் டவுன் வந்தது. ஆக, இந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு வேர் இல்லை, அவுட்ரிகரைப் பார்த்துச் செய்த ஜோடிச் சொல். அந்த ஜோடி தெரியாத நமக்கு இது பாதிச் சொல்தான்.

சாமான் பரவியது அமெரிக்காவின் பெரிய ஏரிகளில். மிச்சிகன் ஏரியில் ஏல்வைப் என்ற சின்ன மீன் அளவுக்கு மீறிப் பெருகியதால், அதைத் தின்பதற்காக 1966இல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். அவை வளர்ந்தன. ஆனால் கோடையில் மேல்தண்ணீர் சூடானதும் சால்மன் குளிர்ந்த தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கிவிடும். கரையோரத்து ஆட்களுக்கு ஆழத்தில் இரை ஓட்டியே தீர வேண்டிய நிலை. அப்படித்தான் 1960களின் கடைசியிலும் 70களிலும் இந்தப் பொறி வீட்டுச் சாமான் மாதிரிப் பரவியது. ஆனால் கனத்தைக் கீழே அனுப்பிவிட்டுக் கழற்றிவிடும் யோசனை மிகப் பழையது. பசிபிக் தீவுகளில் தூண்டில் கயிற்றைக் கல்லில் சுற்றி இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் ஒரு உலுக்கு உலுக்கிக் கல்லை உதிர்த்துவிடுவார்கள்.

இதைப் படகில் பூட்டிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் அங்கேதான் கிடைத்தது.

பெட்டியில் குண்டு வரவில்லை, விமானத்தில் யார் ஈயத்தைச் சுமப்பார்கள்? கடலூர் முதுநகரில் 4.5 கிலோவுக்கு ஒன்று வார்த்து வாங்கினோம். 4.5 கிலோ என்றால் பெரிசாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஈயம் அவ்வளவு அடர்த்தி, குறுக்களவு 9 சென்டிமீட்டர்தான் வரும், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்தச் சின்ன உருவம்தான் எங்களை ஏமாற்றியது. நாலரைக் கிலோவைத் தாங்க நாலு ஸ்க்ரூ போதாதா என்று படகின் விளிம்பில் பைபருக்குள் நேராக ஸ்க்ரூ முறுக்கிவிட்டோம். இரண்டாவது நாள் குண்டு அடியில் கிடந்த ஏதோ பழைய வலையில் மாட்டியது. படகு ஓடிக்கொண்டிருக்கிறது, குண்டு நின்றுவிட்டது. அப்போது அந்த ஸ்க்ரூக்கள் தாங்க வேண்டியது நாலரைக் கிலோவை இல்லை, ஓடுகிற படகின் முழு வேகத்தையும். அதுவும் பொறியிலிருந்து வெளியே நீட்டிய கம்பின் நுனியில் இழுக்கிறது, கடப்பாரையால் நெம்புகிற மாதிரி. நாலு ஸ்க்ரூவும் பைபரைச் செதில் செதிலாகப் பெயர்த்துக்கொண்டு வந்தன. சித்தப்பா என்ஜினை அணைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்: "குண்ட எறக்குடா, எறக்கு, கம்பிய விட்டுக் குடு!"

கம்பியை விட்டுக்கொடுத்தேன், சாமான் தப்பியது. இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தோம். விளிம்பை மேலிருந்து அடிவரை துளைத்து 8 மில்லிமீட்டர் போல்ட் போட்டோம், 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மற்றது எங்கள் உப்புக்காற்றில் நிற்காது. அடிப்பக்கம் வெறும் வாஷர் போதாது, பெரிய தாங்குபலகை ஒன்று வேண்டும், அப்போதுதான் இழுப்பு ஒரே இடத்தில் குத்தாமல் பரவும். மரைன் பிளைவுட்டை ரெசினில் தோய்த்துக் காயவைத்துப் போட்டோம். அலுமினியத் தகடும் போடலாம் என்றார்கள், ஆனால் உப்புத்தண்ணீரில் ஸ்டீல் போல்ட்டோடு சேர்ந்து அலுமினியம் அரித்துப் போகும், அதனால் வேண்டாம் என்றேன். துளையின் உள்சுவருக்கும் ரெசின் பூச வேண்டும், இதைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். பைபருக்கு நடுவில் பலகை இருக்கும் படகானால் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே ஊறி அழுகிவிடும். பழைய நாலு ஓட்டையையும் அடைத்தோம்.

இடம் பார்ப்பது அடுத்தது. பின்பக்கத்து மூலைதான் நல்லது, ஆனால் வலை வாங்குகிற பக்கம் கூடாது. பொறியின் கை, அதாவது அந்த நீட்டிய கம்பு, போதுமான நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகைக் குண்டு இருக்கும் பக்கமாக ஒடித்துத் திருப்பும்போது கம்பி அடியில் போய் புரொப்பல்லரில் சுற்றும். குண்டைத் தூக்கி உள்ளே எடுக்கும்போது ஆள் விளிம்பைத் தாண்டிக் குனியாமல் எடுக்கிற மாதிரி, கை உள்பக்கம் சுழலும் அடித்தட்டு வைத்தோம். ஆட்டத்தில் 4.5 கிலோ ஈயம் ஊசலாடி முழங்காலில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி சுற்றும் உருளையின் பிரேக்கை இறுக்கிப் பூட்டக் கூடாது, குண்டு எங்காவது மாட்டினால் கம்பி வழுக்கி ஓடுகிற அளவுக்குத்தான் இறுக்கம். பொறியை ஒரு தனிக் கயிற்றால் படகோடு கட்டியும் வைத்தோம், கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் பக்கத்திலேயே தொங்குகிறது.

இன்னொன்று, பொறியில் இருக்கும் மீட்டர் காட்டுவது விட்ட கம்பியின் நீளத்தை, குண்டின் ஆழத்தை இல்லை. படகு ஓடும்போது கம்பி பின்னால் சாயும். 20 மீட்டர் விட்டு, கம்பி 45 பாகை சாய்ந்திருந்தால் குண்டு நிற்பது 14 மீட்டரில்தான். வேகத்தைக் குறைத்தால் இறங்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கீழிறக்கி என்று முதலில் யோசித்தேன், ஆனால் எதைக் கீழே இறக்குகிறது என்று அதில் இல்லை. ஆழ்தூண்டில் என்றால் ஆழத்தில் போடும் எந்தத் தூண்டிலுக்கும் பொருந்தும். இழுவை என்ற சொல்லைச் சேர்க்கவே கூடாது. ஆங்கிலத்தில் டிராலும் டிரோலும் வேறு வேறு, முதலாவது அடியோடு அரிக்கும் மடிவலை, இரண்டாவது பின்னால் தூண்டில் ஓட்டுவது. நம் பத்திரிகைகளில் இழுவைப்படகு என்றாலே மடிவலைப் படகு என்று நிலைத்துவிட்டது, தூண்டில்காரரை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

சித்தப்பா கத்தியதுதான் சரியான சொல் என்று அப்புறம் புரிந்தது. குண்டிறக்கி. துருவுவது துருவி, இடியைத் தாங்குவது இடிதாங்கி, குண்டை இறக்குவது குண்டிறக்கி, தமிழ் இலக்கணத்தில் நேராக நிற்கிறது. இதைவிட எனக்குப் பிடித்தது குண்டு என்ற சொல்லின் இன்னொரு பொருள். தமிழில் குண்டு என்றால் உருண்டை மட்டுமில்லை, ஆழம் என்றும் பொருள். சங்கப் பாட்டில் வரும் குண்டுகண் அகழி ஆழமான அகழிதான், குண்டு சுனை ஆழமான சுனைதான். பழைய காலத்தோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், மழை பெய்த மறுநாள் ரோட்டைப் பார்த்து "குண்டும் குழியுமா இருக்கு" என்று சொல்கிறோமே, அந்தக் குண்டு இதுதான், பள்ளம். ஆக, குண்டிறக்கி என்றால் உருண்டையை இறக்குவதும் ஆகும், ஆழத்துக்கு இறக்குவதும் ஆகும். ஆங்கிலச் சொல்லில்கூட இந்த இரண்டும் ஒன்றாக இல்லை.

குண்டு என்றால் வெடிகுண்டு என்று நினைக்க மாட்டார்களா என்று என் தம்பி கேட்டான். குண்டு பல்பு, குண்டு மல்லி, குண்டு மணி எல்லாம் சொல்லும்போது யாரும் ஓடவில்லை.

மற்ற உறுப்புகளுக்குப் பெரிதாகத் தேட வேண்டியதே இல்லை. கம்பி சுற்றும் உருளை ராட்டினம், கிணற்றில் இருப்பதுதான். நீட்டிய கம்பு கை, அதன் நுனியில் கப்பி, தங்கூசியைப் பிடிப்பது கவ்வி. மீட்டர் மீட்டராகவே இருக்கட்டும். ஆழத்துக்குப் பாகம் இருக்கிறது, இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். ஆங்கிலத்து ஃபேதமும் விரித்த கைகள் என்ற பொருளில் பிறந்ததுதான், 6 அடி.

இப்போது தேவனாம்பட்டினத்தில் எங்கள் படகைச் சுற்றி நாலைந்து பேர் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள், பேச்சில் அது குண்டெறக்கி ஆகிவிட்டது. போன வாரம் விடிகாலையில் கரையிலிருந்து அந்தப் பக்கத்துப் படகுக்காரரே கூப்பிட்டுக் கேட்டார், "குண்டு எத்தினி பாகத்துல வுட்டீங்க?"

"பன்னெண்டு" என்றார் சித்தப்பா, கையில் வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு.