மாதவிடாய் நின்ற பிறகு வரும் அரிப்பு: முதலில் சோப்பைத் தள்ளி வையுங்கள்

பிறப்புறுப்பில் அரிப்பு வந்ததும் பெரும்பாலான பெண்கள் செய்யும் முதல் காரியம், இன்னும் நன்றாகக் கழுவுவது. சோப்பு போட்டு, வெந்நீர் ஊற்றி, சிலர் ஆன்டிசெப்டிக் திரவத்தைக்கூடக் கலந்து கழுவுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு கூடிவிடும், உடனே கழுவுவதும் கூடும். மாதங்கள் கழித்து என்னிடம் வரும்போது அந்தத் தோல் சிவந்து, மெலிந்து, தொட்டாலே எரியும் நிலையில் இருக்கும். "நான் சுத்தமாத்தான் இருக்கேன் டாக்டர், எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்று குற்றவாளிபோலத் தலை குனிந்து சொல்வார்கள். மகளிர் நோய் மருத்துவராக நான் அதிகமுறை சொல்ல வேண்டியிருக்கும் பதில் இதுதான்: இது அசுத்தத்தால் வந்தது இல்லை அம்மா, ஹார்மோன் குறைந்ததால் வந்தது.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும் காலத்தில் யோனியின் உட்சுவர் தடிமனாக, மடிப்புகளோடு, ஈரமாக இருக்கும். அந்தச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேர்ந்திருக்கும், அதைக் கொண்டு லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்கும். அதனால்தான் அங்கே பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை அமிலத்தன்மையோடு இருக்கிறது, கெட்ட கிருமிகள் எளிதில் தங்க முடிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இந்தச் சங்கிலி முழுக்கத் தளர்கிறது: சுவர் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, கிளைக்கோஜன் குறைகிறது, நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன, பிஎச் 5-க்கு மேல் போய் அமிலத்தன்மை குறைகிறது. வெளிப்பக்கத் தோலும் மெலிந்து தன் எண்ணெய்ப்பசையை இழக்கிறது. வறட்சி, அரிப்பு, எரிச்சல், உடலுறவில் வலி, சில நேரம் லேசான ரத்தக்கசிவு எல்லாம் இதன் விளைவுதான்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால்தான் மெனோபாஸ் என்று சொல்கிறோம், ஆனால் வறட்சி அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. சிலருக்கு மாதவிடாய் முன்னும் பின்னுமாக வரத் தொடங்கும்போதே ஆரம்பிக்கும், சிலருக்கு நின்று பல வருடம் கழித்து வரும். அறுவைசிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்குத் திடீரென்று, கடுமையாக வரும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் தாய்மார்களுக்கும் தற்காலிகமாக இதே வறட்சி வருவதுண்டு, அதுவும் ஈஸ்ட்ரோஜன் குறைவால்தான்.

உடம்பு திடீரென்று கொதிப்பதுபோல் சூடாகி வியர்ப்பது காலப்போக்கில் பலருக்குத் தானாகத் தணிந்துவிடும். வறட்சி அப்படித் தணியாது, சிகிச்சை இல்லாமல் விட்டால் வருடத்துக்கு வருடம் மெல்ல மோசமாகும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவு இருக்கிறது. "வயசானா இதெல்லாம் சகஜம்" என்று யாராவது சொல்லித் தள்ளிவிட்டால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். சகஜம்தான், அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சிறுநீர்ப் பிரச்சினைகளும் இதோடு சேர்ந்தவை. சிறுநீர்க்குழாயும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பவை என்பதால் அவசரமாகச் சிறுநீர் வருவது, போகும்போது எரிவது, திரும்பத் திரும்பத் தொற்று வருவது எல்லாம் அதே காரணத்தால் நடக்கலாம். வருடத்துக்கு நான்கைந்து தடவை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டே இருக்கும் பெண்களிடம் வறட்சியைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்து இந்தத் தொடர் தொற்றுகளையும் குறைக்கிறது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம்.

அரிப்பு என்றாலே பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மருந்துக்கடையில் நேரடியாகக் கிரீம் வாங்குவது இன்னொரு பெரிய பிரச்சினை. ஈஸ்ட்ரோஜன் குறைந்த யோனியில் பூஞ்சை அவ்வளவு எளிதாக வளராது. மாதவிடாய் நின்ற பிறகு பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் சில நீரிழிவு மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த கிரீம்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், அதனால் மாதக்கணக்கில் தடவுவார்கள், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், உள்ளே இருக்கும் உண்மையான நோயும் மறைந்துபோகும். மரத்துப்போகச் செய்யும் அரிப்புக் களிம்புகளும் ஒவ்வாமையைக் கிளப்பிவிடலாம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தோலை நிம்மதியாக விடுங்கள். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரில், கையால் மட்டும் கழுவினால் போதும். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே கூடாது. "இன்டிமேட் வாஷ்" என்று விற்கும் வாசனைத் திரவங்களுக்கும் துடைப்பான்களுக்கும் இந்த வயதில் இடமில்லை. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பருத்தி உள்ளாடை போடுங்கள், இரவில் முடிந்தால் அதுவும் வேண்டாம். சிறுநீர்க் கசிவுக்காகத் தினமும் பேட் வைப்பவர்கள் ஈரமானதும் மாற்ற வேண்டும், கசிவுக்குத் தனியாகச் சிகிச்சை கேளுங்கள், ஏனென்றால் அந்த ஈரமே பாதி அரிப்புக்குக் காரணமாக இருக்கும்.

அடுத்து ஈரப்பதம். இங்கே இரண்டு வகைப் பொருள்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். யோனி மாய்ஸ்சரைசர் என்பது உடலுறவு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து உள்ளே வைப்பது. முகத்துக்குப் போடும் கிரீம் மாதிரிதான், ஒரு நாள் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. லூப்ரிகண்ட் என்பது உடலுறவின்போது மட்டும், உராய்வைக் குறைக்க. தண்ணீர் அடிப்படையிலானதோ சிலிகோன் அடிப்படையிலானதோ வாங்குங்கள். வாசனை, சுவை, சூடு தரும் என்று எழுதியிருப்பவை எரியும். எண்ணெய்ப்பசை உள்ளவை லேட்டக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கிவிடும், மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவை போதவில்லை என்றால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை நேரடியாக யோனிக்குள் வைப்பதுதான் முக்கியமான சிகிச்சை. கிரீமாகவும் சிறு மாத்திரையாகவும் வருகிறது, சில இடங்களில் மூன்று மாதம் உள்ளேயே இருக்கும் வளையமாகவும் கிடைக்கிறது. மாத்திரையில் இருப்பது 10 மைக்ரோகிராம்தான். வழக்கமாக முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. சில வாரங்களில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், முழுப் பலனுக்கு மூன்று மாதம் வரை ஆகலாம், அதுவரை பொறுமை வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் எரிச்சல் இருந்தால் பயப்பட வேண்டாம், தோல் தேறத் தேறக் குறையும். சரியாகிவிட்டதே என்று நிறுத்தினால் மறுபடி வரும், ஏனென்றால் குறைபாடு அப்படியேதான் இருக்கிறது.

"ஹார்மோன்னா கேன்சர் வருமே?" என்று கேட்காதவர்கள் குறைவு. இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2002-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய் கொஞ்சம் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் கொடுத்தது வாய்வழி மாத்திரை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் சேர்ந்தது, உடல் முழுக்கப் பரவும் அளவு. யோனிக்குள் வைக்கும் குறைந்த அளவு மருந்து ரத்தத்தில் மிகச் சொற்பமாகத்தான் சேர்கிறது. அதைப் பயன்படுத்திய பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த பெரிய ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படித்துவிட்டு, ஒருமுறைகூட வைக்காமல் அலமாரியில் பூட்டிவைத்துத் தவிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் விஷயம் தனி. அவர்கள், முக்கியமாக ஈஸ்ட்ரோஜனை அடியோடு குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், முதலில் மாய்ஸ்சரைசரையும் லூப்ரிகண்டையும் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தாங்க முடியவில்லை என்றால் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், தானாக வாங்கி வைக்கக் கூடாது.

லேசர் சிகிச்சை விளம்பரங்கள் இப்போது நிறைய வருகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையில் லேசர் செய்துகொண்டவர்களுக்கும் செய்வதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வித்தியாசமே இல்லை. பணத்தைச் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

எல்லா அரிப்பும் வறட்சியால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவு அரிப்பு, தோல் வெளுத்துக் காகிதம்போல் மெலிவது, பிறப்புறுப்பின் உதடுகள் சுருங்கி ஒட்டிக்கொள்வது என்றால் லைகன் ஸ்கிளரோசஸ் என்ற தோல்நோயாக இருக்கலாம். அதற்கு ஈஸ்ட்ரோஜன் போதாது, வீரியமான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லும் முறையில் நீண்ட காலம் தடவ வேண்டும், சிறு பங்கினருக்கு அது புற்றுநோயாக மாறலாம் என்பதால் தொடர் கண்காணிப்பும் வேண்டும். ஆறாத புண், கட்டி, நிறம் மாறிய தடிப்பு இருந்தால் பயாப்ஸி, அதாவது ஒரு சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வறட்சியால்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், கர்ப்பப்பை உட்சுவரைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

உடலுறவில் வலி என்று சொல்லத் தயங்கி, கணவரை ஒதுக்கிவிட்டு, அவரும் தன் மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டு, இருவரும் பேசாமலே வருடங்களை ஓட்டிவிடும் தம்பதிகள் நிறைய. வலியை எதிர்பார்த்து இடுப்புத் தசைகள் தானாக இறுகிவிடும், அப்போது கிரீம் மட்டும் போதாது, அந்தத் தசைகளைத் தளர்த்தப் பயிற்சி தரும் பிசியோதெரபி உதவும். கணவரை இழந்தவர்களும் தனியாக வாழ்பவர்களும் "எனக்கெதுக்கு இந்த மருந்து" என்று கேட்கிறார்கள். நடக்கும்போது, உட்காரும்போது, சிறுநீர் கழிக்கும்போது எரியாமல் இருப்பதற்கு வேறு காரணம் ஏதும் வேண்டாம்.

மருத்துவரிடம் சுற்றி வளைக்க வேண்டாம். "கீழே வறட்சியா, அரிப்பா இருக்கு, மாதவிடாய் நின்னு இத்தனை வருஷம் ஆச்சு" என்று நேராகச் சொல்லுங்கள், இதுவரை தடவிய கிரீம்களின் உறைகளை எடுத்துப் போங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். பரிசோதனை வலிக்குமோ என்று பயமாக இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளே பார்க்கும் கருவியில் சிறிய அளவும் உண்டு, பல சமயம் வெளியே மட்டும் பார்த்தே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவோம்.