சிபியு சும்மா இருக்கு, ரிக்வெஸ்ட் மட்டும் நகரல: த்ரெட் பூல் வச்சிருக்கவங்க கவனத்துக்கு

போன வருஷம் ஒரு நைட் நான் பாத்துக்கிட்டிருந்த சர்வீஸ் அப்படியே நின்னு போச்சு, டாஷ்போர்டுல சிபியு 5 சதவீதம்கூட தாண்டல, மெமரி மட்டும் மெதுவா ஏறிக்கிட்டே இருக்கு. த்ரெட் பூல்ல, அதாவது வர்ற வேலைய செய்ய தயாரா வச்சிருக்கற த்ரெட் கூட்டத்துல, த்ரெட்ட ஏத்துங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, ஆனா மேக்சிமம் ஏற்கனவே 200. ஜேஸ்டாக் (ஒவ்வொரு ஜாவா த்ரெட்டும் என்ன செய்யுதுன்னு காட்டுற டூல்) எடுத்துப் பாத்தா பூல்ல இருக்கறது வெறும் 20 த்ரெட், அந்த 20ம் வெளில ஒரு ஏபிஐ பதில் தரும்னு சாக்கெட்ல காத்துக்கிட்டு கிடக்குது.

200 போட்டும் ஏன் 20? இது நிறைய பேருக்கு தெரியல. ஜாவால கோர் சைஸ் (பூல் வழக்கமா வச்சிருக்கற த்ரெட் எண்ணிக்கை, எங்களுக்கு 20) முழுசும் ஆயிடுச்சுன்னா அடுத்து வர்ற வேலை க்யூவுக்குத்தான் போகும், அந்த க்யூ நிரம்புனாதான் மேக்சிமம் வரைக்கும் புது த்ரெட்டே போடும். நாங்க க்யூவுக்கு அளவே குடுக்கல, அப்ப அதோட எல்லை 214 கோடி, அது எங்க நிரம்ப? அதுக்கு முன்னாடி மெமரி தீந்துடும்.

20ங்கறது முதல்ல சரியான கணக்குதாங்க. செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட், ஒண்ணுக்கு 0.2 செகண்ட், பெருக்குனா 20 த்ரெட். அந்த ஏபிஐ 5 செகண்ட் எடுக்க ஆரம்பிச்சா அதே கணக்கு 500 ஆயிடுது.

ஆபரேட்டிங் சிஸ்டம் இத எப்படி சமாளிக்குதுன்னு பாத்தா அழகா இருக்கும். லினக்ஸ்ல டாப் கமாண்ட் போட்டா கேவொர்க்கர்னு வரிசையா வருமே, அது கெர்னலோட, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியோட, சொந்த த்ரெட் பூல். 2010ல வந்த 2.6.36ல இருந்து, ஒரு வொர்க்கர் எதுக்காவது காத்திருந்து தூங்கப் போனா ஷெட்யூலர் (எந்த த்ரெட் எப்ப ஓடணும்னு முடிவு பண்றது) அத பூலுக்கு சொல்லிடும், வேலை பாக்கி இருந்தா பூல் உடனே இன்னொரு வொர்க்கர எழுப்பிவிடும். விண்டோஸ்ல ஐஓ கம்ப்ளீஷன் போர்ட்டுங்கற வசதியும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். ஆனா நாம அப்ளிகேஷன்ல போடுற சாதாரண பூலுக்கு தன்னோட த்ரெட் ஓடுதா தூங்குதான்னே தெரியாது, ரெண்டுமே அதுக்கு பிஸிதான். அதனால அந்த விஷயத்த நாமதான் சொல்லித் தரணும்.

தயவு செஞ்சு வெளில போற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டைம்அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருக்கலாம்னு ஒரு வரம்பு) போடுங்க, க்யூவுக்கு ஒரு அளவு வைங்க. மெதுவான வேலைக்கு தனி பூல். ஒரு பூல்ல ஓடுற டாஸ்க் அதே பூலுக்கு இன்னொரு டாஸ்க்க அனுப்பிட்டு அதுக்காக காத்திருக்கவும் கூடாது, எல்லா த்ரெட்டும் அப்படி நின்னுட்டா யாருமே நகர முடியாது. ஜாவா 21ல வர்சுவல் த்ரெட் (எக்கச்சக்கமா போடக்கூடிய லேசான த்ரெட்) வந்தாச்சேன்னு விட்டுடாதீங்க, டேட்டாபேஸ் கனெக்ஷன் அங்கயும் எண்ணிக்கைதான், ஹிகாரிங்கற கனெக்ஷன் பூல்ல டிஃபால்ட் 10.

நாங்க டைம்அவுட்ட 2 செகண்ட் ஆக்கி, அந்த ஏபிஐக்கு தனி பூலும் 100 அளவு க்யூவும் வச்சோம். அடுத்த தடவ அது படுத்தப்ப அத நம்புன ரிக்வெஸ்ட் மட்டும் எரர் வாங்குச்சு, மத்ததெல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.